சுண்ணாம்பு தடவாத கலயம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் சயன்ஸ் டீச்சர்மாரே, சார்மாரே! ஏழாம் வகுப்புக்குப் பௌதிக மாற்றத்தையும் ரசாயன மாற்றத்தையும் எப்படி நடத்துவது என்று நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படி நடத்துவது என்பது உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எப்படி நடத்தக் கூடாது என்பதுதான் என்னிடம் இருக்கிறது. அதை ஒரே ஒரு காலைப்பொழுதில், ஒரு மேனேஜர், ஒரு இன்ஸ்பெக்ட்ரஸ், முப்பத்தொரு பெண்பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொண்டவள் நான். கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் கடைசி பெஞ்சைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

நான் சொல்வது நம் ஊர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலம், முப்பதுகளின் தொடக்கம். தக்கலையிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதையில் ஒரு கிராமம். அங்கே மிஷன்காரர்கள் நடத்திய ஒரு பெண்கள் மிடில் ஸ்கூலில் எனக்கு முதல் வேலை. ஊரைச் சுற்றிப் பனை. பனையைத் தாண்டினால் தென்னை. தென்னையைத் தாண்டினால் கடல். பிள்ளைகளில் பாதிப் பேர் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் இந்து வீட்டுப் பிள்ளைகள், அவர்களில் சிலர் அய்யாவழிக்காரர். எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தார்கள், ஒரே மாதிரி சண்டையும் போட்டார்கள்.

அந்தப் பள்ளியில் அதுவரை சயன்ஸ் என்று ஒன்று கிடையாது. எழுத்து, கணக்கு, வேதபாடம், மத்தியானத்துக்கு மேல் லேஸ் பின்னுவது. எங்கள் பிள்ளைகள் பின்னிய லேஸ் கப்பலேறிச் சீமைக்குப் போகும். அதனால் பள்ளியின் மேனேஜர் ஐயாவுக்கு லேஸ் என்றால் உயிர், சயன்ஸ் என்றால் பயம். மனிதர் கெட்டவரில்லை. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கி, 'பெண்பிள்ளைய அனுப்புங்கோ' என்று கெஞ்சிக் கூட்டி வந்தவர் அவர்தான். பிள்ளைகள் நெருப்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டால் அத்தனை வீட்டிலும் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். போதாக்குறைக்கு ஊர் மதுவிலக்குச் சங்கத்துக்கும் அவரே தலைவர். இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

நான் விடாமல் நச்சரித்ததில், 'ஒரு வருஷம் நடத்திப் பாருங்க டீச்சர். மாசி மாசம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவாங்க. நல்லபடியா எழுதிட்டுப் போனா சயன்ஸ் இருக்கும். இல்லன்னா அந்தப் பீரியடும் லேஸுக்குத்தான்' என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. சுவரில் தொங்கிய டைம் டேபிளில் சயன்ஸ் என்று நான் மையால் எழுதியிருந்த கட்டத்தில், மூலையில் பென்சிலால் சின்னதாக 'லேஸ்' என்று எழுதியும் வைத்துவிட்டார். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வகுப்பு எடுத்தேன். மேலே படிக்க வேண்டும், நர்ஸ் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளைகள் அந்த வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களும் அதைத் தினமும் பார்த்தார்கள்.

ஆய்வுக்கூடம் எல்லாம் கிடையாது. ஒரு கால் ஆடும் மேசை, இரண்டு மண்சட்டி, ஒரு டஜன் தேங்காய்ச் சிரட்டை, ஒரு அடுப்பு. அதை வைத்துக்கொண்டு உப்பைக் கரைத்தோம், வெயிலில் வைத்துத் திரும்ப எடுத்தோம். மெழுகை உருக்கினோம், ஆறவிட்டோம். காகிதத்தைக் கொளுத்தினோம். பப்பாளி இலைத் தண்டால் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மூச்சை ஊதி, அது பாலாக மாறுவதைப் பார்த்து வாய் பிளந்தோம். நம் மூச்சில் இருக்கும் கரியமில வாயு பட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் வெளுக்கும் என்பது அந்த வகுப்புக்குத் தலைகீழ்ப் பாடம்.

இதையெல்லாம் பிள்ளைகள் மறக்காமலிருக்க நானே ஒரு சூத்திரம் கட்டினேன். 'திரும்பி வந்தால் பௌதிக மாற்றம், திரும்பி வராவிட்டால் ரசாயன மாற்றம்.' உப்பு திரும்பி வந்தது, பௌதிகம். காகிதம் திரும்பி வரவில்லை, ரசாயனம். முப்பத்தொரு பேரும் ஒரே குரலில் சொன்னால் ஓடு அதிரும். எனக்கு அந்தச் சூத்திரத்தின்மேல் அப்படி ஒரு பெருமை! சோப்புப் போட்டுக் குளித்துப் பவுடர் பூசின குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு என்ன செய்து காட்டலாம் என்று யோசித்தேன். பிள்ளைகளின் வீட்டிலிருந்தே ஒரு மாற்றத்தை எடுக்க வேண்டும். பனையிலிருந்து இறக்கும் அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. வேறென்ன வேண்டும்? தண்ணீர் ஆவியாகப் போகிறது, இனிப்பு தங்குகிறது, கருப்பட்டியைக் கரைத்தால் திரும்பவும் இனிப்புத் தண்ணீர். சுத்தமான பௌதிக மாற்றம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் நாகர்கோவில் டவுணில் வளர்ந்தவள். அக்கானியைச் செம்பு செம்பாகக் குடித்திருக்கிறேன், அது எப்படி இறங்குகிறது என்று ஒருநாளும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லைச் சொன்னாலே அம்மா வாயைக் கழுவச் சொல்வாள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பனையில் கட்டுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எதற்கென்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. பயிற்சிப் பள்ளியில், 'சோதனைக்கு எடுக்கும் பொருளில் வேறெதுவும் கலந்திருக்கக் கூடாது' என்று படித்திருந்தேனே, அந்தப் படிப்பு அப்படியே தலைக்கு ஏறி உட்கார்ந்திருந்தது.

வகுப்பில் பொன்னம்மை என்று ஒரு பிள்ளை. அவள் அப்பா பனையேறி. அய்யாவழிக் குடும்பம், கள் பக்கமே போகாதவர்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டேன்.

"மக்கா, நாளைக்குக் காலையில ஒரு கலயம் அக்கானி வேணும். ஆனா சுண்ணாம்பு ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. கழுவின புதுக் கலயத்தில இறக்கச் சொல்லு."

பொன்னம்மை கண்ணை அகட்டினாள். "டீச்சர், சுண்ணாம்பு இல்லாட்டி..."

"இல்லாட்டி என்ன? சுண்ணாம்பு கலந்தா சோதனை கெட்டுப்போகும். சொன்னதைச் செய்."

"இல்ல டீச்சர், அப்பா..."

"ஏட்டி, டீச்சர் நீயா நானா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நானும் வேலை முடிந்ததென்று அடுத்த காரியத்தைப் பார்க்கப் போய்விட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் எனக்கு வெட்கத்தில் காது சுடுகிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். வெள்ளை முண்டும் நேரியதும், மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு கறுப்பு நோட்டு. திருவனந்தபுரத்துப் பக்கம். தமிழ் நன்றாகவே பேசுவார், ஊடே ஊடே மலையாளம் தலை நீட்டும். மேனேஜர் ஐயா கோட்டு போட்டுக்கொண்டு, அடுப்பிலிருந்து எட்டடி தள்ளி நின்றார்.

அம்மா முதலில் சூத்திரத்தைக் கேட்டார். பிள்ளைகள் ஓடு அதிரச் சொன்னார்கள். எனக்குத் தலை சற்று நிமிர்ந்தது. அம்மா தலையாட்டிவிட்டு, மேசையிலிருந்த, கரும்பலகையில் எழுதும் சாக்குக் கட்டியை எடுத்து 'டக்'கென்று இரண்டாக உடைத்தார்.

"இது திரும்பி வருமா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "வராது."

"அப்போ இது ரசாயன மாற்றமோ?"

முப்பத்தொரு ஜோடிக் கண்ணும் என் பக்கம் திரும்பின. எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. உடைந்த சாக்கு சாக்குதான், தூளாக்கினாலும் சாக்குதான். அது திரும்பி வராவிட்டாலும் அதில் ரசாயனம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருஷமாக நான் கொஞ்சிக் குலாவிய சூத்திரம் ஒரு சாக்குக் கட்டியோடு சேர்ந்து உடைந்து கிடந்தது. அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். மேனேஜர் ஐயாவின் பார்வை மெதுவாக டைம் டேபிள் பக்கம் போயிற்று.

சரி, செய்து காட்டுவதில் பிடித்துவிடலாம் என்று பொன்னம்மையைக் கூப்பிட்டேன். அவள் துணியால் வாய் கட்டிய கலயத்தைக் கொண்டுவந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் கேட்கவில்லை. பயம் என்று நினைத்தேன். துணியை அவிழ்த்து, பெரிய மண்சட்டியில் ஊற்றினேன்.

பொங்கியது பாருங்கள், நுரை! சட்டி விளிம்புவரை வெள்ளையாக ஏறிப் புஸ்ஸென்று சீறியது. அக்கானி தெளிவாக இருக்கும், இது கழுநீர் மாதிரி கலங்கலாக இருந்தது. புளித்த வாடை ஒன்று எழுந்து அறையெல்லாம் பரவியது. எனக்கு அது என்ன வாடை என்றே தெரியவில்லை.

எட்டடி தள்ளி நின்ற மேனேஜர் ஐயாவுக்குத் தெரிந்துவிட்டது. "கள்ளு!" என்று கத்தினார். "கர்த்தரே! பள்ளிக்கூடத்துக்குள்ள கள்ளு!"

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தது?"

"அம்மா, நான் மதுவிலக்குச் சங்கத் தலைவர். கள்ளுக்கடை வாசல்ல நின்னு பிரசங்கம் பண்ணுகிறவன்" என்று அவர் தடுமாறினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பொன்னம்மையின் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, உங்க அப்பன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளா தந்து விடுகிறான்? எடு பையை. இனி இந்த வாசல்ல கால் வைக்காதே. டீச்சர், உங்க சயன்ஸும் இன்னையோட போதும்."

பொன்னம்மை அசையாமல் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: 'டீச்சர்தான் சுண்ணாம்பு வேண்டாம்னாங்க.' சொல்லவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான்.

புதுசாக வந்திருக்கும் பிள்ளைகளே, இதை நான் மறைக்கப் போவதில்லை. 'பிள்ளை ஏதோ தவறுதலாகக் கொண்டுவந்துவிட்டாள் ஐயா' என்ற ஒரு வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் என் வேலை நிச்சயமாகத் தப்பியிருக்கும். சயன்ஸும் ஒருவேளை தப்பியிருக்கும். பொன்னம்மை மட்டும்தான் போயிருப்பாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அந்தப் பொய்யை விழுங்கினேன்.

"ஐயா, பிள்ளைமேல குத்தமில்ல. சுண்ணாம்பு தடவாத கலயத்தில இறக்கச் சொன்னது நான். அவ வேண்டாம்னு சொல்ல வந்தா. நான் பேசவிடல. தப்பு என்னுடையது."

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "எந்தினா சுண்ணாம்பு வேண்டாமென்று சொன்னது?"

"சுண்ணாம்பு கலந்தா அசுத்தம்னு நினைச்சேன் அம்மா. அது என்னத்துக்குத் தடவுகிறார்கள்னு நான் கேட்கவே இல்ல."

சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்று நடந்தது. பயம் போய்விட்டது. இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது? அப்போதுதான் என் கண் அந்தச் சட்டிமேல் சரியாக விழுந்தது. நுரை இன்னும் குமிழ் குமிழாக ஏறிக்கொண்டிருந்தது. நெருப்பு இல்லை, யாரும் ஊதவில்லை. பிறகு அந்தக் குமிழுக்குள் இருப்பது என்ன? ராத்திரி இனிப்பாக இறங்கினது காலையில் புளித்துப் பொங்குகிறதென்றால், என் கண்ணெதிரே நடப்பது ரசாயன மாற்றமல்லாமல் வேறென்ன? ஒரு வருஷமாகக் காகிதத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தேனே, இதோ உயிரோடு ஒன்று மேசைமேல் சீறிக்கொண்டிருக்கிறது!

"ஐயா, கால் மணி நேரம் தாருங்க" என்றேன். "அதுக்குப் பிறகு இந்தக் கள்ளை நானே கொண்டுபோய்க் கொட்டுகிறேன். என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

அவர் பதில் சொல்லுமுன், "கால் மணி நேரம்தானே, சாரமில்ல" என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொன்னம்மை, ஒரு சிரட்டை எடு. தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியை அதில ஊத்து. நுரைமேல பைய மிதக்கவிடு. சட்டியை மூடு."

பனையேறி மகளுக்குக் கலயமும் சட்டியும் பழக்கம். கறுத்த சிரட்டைக்குள் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், சட்டிக்குள் ஒரு சின்னத் தோணிபோல மிதந்தது. மூடியை வைத்தோம். பிள்ளைகள் பாயை விட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் உட்காரச் சொல்லவில்லை. மேனேஜர் ஐயாகூட எட்டடியிலிருந்து நாலடிக்கு வந்திருந்தார்.

உள்ளுக்குள் நான் நூறு வரை எண்ணினேன். இன்னொரு நூறு. மூன்றாவது நூறு முடிந்ததும் மூடியைக் கொஞ்சம் விலக்கி, எரிகிற தீக்குச்சியை உள்ளே நீட்டினேன். தண்ணீரில் முக்கினதுபோல அணைந்தது. பிள்ளைகள் 'அம்மோ' என்றார்கள். பிறகு சிரட்டையை வெளியே எடுத்தேன்.

கறுப்புச் சிரட்டைக்குள் வெள்ளைப் படலம். பாலாடை மாதிரி.

"வெளுத்துட்டு!" என்று முப்பத்தொரு பேரும் கத்தினார்கள். இந்தத் தடவை ஓடு அதிர்ந்தது சூத்திரத்தால் அல்ல.

"வெளுத்தா என்ன அர்த்தம்?"

"கரியமில வாயு!"

"யார் ஊதினது?"

"யாரும் ஊதல டீச்சர். அதுவா வருது."

"அப்போ ராத்திரி கலயத்தில இருந்த அக்கானி இப்போ எங்கே?"

பொன்னம்மைதான் சொன்னாள்: "அது இப்போ அக்கானி இல்ல டீச்சர். வேற சாதனம் ஆயாச்சு. வாயுவும் வேற சாதனம். ரெண்டும் முன்னால அங்க இல்ல."

வேற சாதனம்! நான் ஒரு வருஷம் கட்டி வைத்த சூத்திரத்துக்குப் பதிலாக வேண்டியது அந்த இரண்டு வார்த்தைதான். திரும்பி வருமா வராதா என்று கேட்பதை விடுங்கள். புதிதாக வேறொரு பொருள் உண்டாயிற்றா என்று கேளுங்கள். உடைந்த சாக்கில் வேறு பொருள் இல்லை. பொங்கும் சட்டியில் இருக்கிறது. நான் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவைப் பார்த்தேன். அவர் சாக்குத் துண்டுகள் இரண்டையும் கையிலெடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி, "இனி சொல்லுங்கள்" என்றார். "வேற சாதனம் இல்ல, பௌதிகம்!" என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் எனக்குப் போதும். பொன்னம்மை விடவில்லை. சிரட்டையிலிருந்த வெள்ளைப் படலத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இந்த வெள்ளை என்னது?"

"சிப்பி எதனால ஆனதோ அதே பொருள்தான், மக்கா."

"கடற்கரையில சிப்பியச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுக்காவ? இப்போ சுண்ணாம்பு மறுபடி சிப்பியாச்சுன்னா, திரும்பி வந்தாச்சுல்லா? ரசாயன மாற்றம் திரும்பி வராதுன்னுல்லா சொன்னியோ?"

அம்மா தாயே! சூத்திரத்தின் ஒரு காலை இன்ஸ்பெக்ட்ரஸ் ஒடித்தார், மறுகாலை இவள் ஒடித்தாள். முந்தின நாளாக இருந்தால் 'ஏட்டி, டீச்சர் நீயா நானா' என்றிருப்பேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"வந்தாச்சு பொன்னம்மை. நீ சொன்னதுதான் சரி. நான் சொல்லித் தந்தது தப்பு. எல்லாரும் நோட்டில அந்த வரியை அடிச்சிருங்க" என்றேன். முப்பத்தொரு பென்சிலும் ஒரே சமயத்தில் கோடு கிழிக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. நான் என் சர்வீஸில் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

மேனேஜர் ஐயா தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி டீச்சர். ஆனா அக்கானி காய்ச்சிக் காட்டுவதா இருந்ததே, அது?"

உண்மைதான். கள்ளைக் காய்ச்சினால் கருப்பட்டி வருமா? நான் கையைப் பிசைந்தேன். அப்போது பொன்னம்மை தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், இன்னொரு கலயம் உண்டு" என்றாள்.

"எங்கே?"

"வெளிய மாமரத்து மூட்டில. அப்பா தந்து விட்டாவ. 'டீச்சர் சொன்னா ஒரு காரணம் இருக்கும், ஒண்ணை அவிய சொன்னதுபோல இறக்கியாச்சு. ஆனாலும் சுண்ணாம்புக் கலயம் ஒண்ணும் கொண்டு போ, உபகாரப்படும்'னாவ. நீங்க திட்டுவியன்னு உள்ள கொண்டு வரல."

சுண்ணாம்பு தடவாத கலயம் பனையில் தொங்கினால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். அய்யாவழிக்காரர் கள்ளிறக்குகிறார் என்று ஒருவன் பார்த்துச் சொன்னால் போதும், அவர் தலை நிமிர முடியாது. அந்த மனிதர் நான் கேட்டேன் என்பதற்காக அதையும் செய்து, நான் கேட்காததையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

ஒரே பனை, ஒரே ராத்திரி, இரண்டு கலயம். வித்தியாசம் சுண்ணாம்பு மட்டும். இதைவிட ஒழுங்காக ஒரு சோதனையை நான் வருஷம் முழுக்க உட்கார்ந்து யோசித்தாலும் அமைத்திருக்க மாட்டேன்.

அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு சட்டியில் ஒரு உழக்குக் கள், ஒரு சட்டியில் ஒரு உழக்கு அக்கானி. ஓலையும் தென்னம்பாளைக் கொதும்பும் வைத்து எரித்தோம். மேனேஜர் ஐயா தாமே குனிந்து, 'தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க' என்று பிள்ளைகளை விலக்கிவிட்டு, கோட்டுக் கையை மடித்துக்கொண்டு கொதும்பைத் தள்ளினார். அரைமணியில் கிளம்ப வேண்டிய இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உச்சிவெயில் வரை நின்றார். அக்கானி பொன்னாகி, சிவந்து, பாகாகி, மணம் வீதிவரை போயிற்று. கள் வற்றி வற்றி, புளித்த பிசினாக அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எத்தனை கிண்டியும் உறையவில்லை. 'அதில இருந்த இனிப்பைத்தான் வாயு கொண்டுபோச்சு' என்று ஒரு பிள்ளை சொன்னாள். முழுக்கச் சரியில்லை, ஆனால் சரியான திசை. நான் திருத்தவில்லை, 'இன்னும் யோசி' என்றேன்.

பாகைச் சிரட்டையில் ஊற்றி, சூடு ஆறுமுன்பே ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்தோம். வாயில் போட்டுக்கொண்டே இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கடைசிக் கேள்வியைக் கேட்டார். "டீச்சர், அக்கானி கருப்பட்டியானது ஏது மாற்றம்?"

காலையில் கேட்டிருந்தால் பௌதிகம் என்று மார்தட்டியிருப்பேன். இப்போது பொன்னம்மையைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "கருப்பட்டியக் கரைச்சா கருப்பட்டித் தண்ணிதான் டீச்சர். அக்கானி ஆகாது. நிறமும் வேற, மணமும் வேற."

"தண்ணீர் போனது பௌதிகம் அம்மா" என்றேன். "நிறமும் மணமும் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. வேறு பொருளும் உண்டாகியிருக்க வேண்டும். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்."

"மதி, போதும்" என்றார் அவர். நோட்டை மூடினார்.

வகுப்புக்குள் திரும்பி வந்ததும் அவர் நேரே சுவருக்குப் போய் டைம் டேபிளின் முன் நின்றார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பென்சில் எழுத்தைப் படித்தார். "இது ஆர் எழுதியது?" என்று கேட்டார். மேனேஜர் ஐயா தம் கோட்டுப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, தாமே அழித்தார். நன்றாக அழுத்தி, காகிதம் தேயும் வரை அழித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, "கைதட்டு எல்லாம் எதுக்கு? அடுத்த வருஷம் மேசைக் காலைச் சரிபண்ணித் தாறேன்" என்றார். சொன்னபடி செய்தும் கொடுத்தார். பொன்னம்மையின் தலையில் கைவைத்து, "உங்க அப்பாகிட்ட நான் ஒரு கடுஞ்சொல் சொல்லிட்டேன்னு சொல்லு. நானே வந்து பாக்குதேன்" என்றார். அதையும் செய்தார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கள்ளைக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவி முடித்தபோது மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். ஒரு காரியம் பாக்கி இருந்தது.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பாடப்புத்தகம் ஏழெட்டு முறை மாறிவிட்டது. பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் வேறு வேறு பெயர்கூட வைத்துவிட்டார்கள். உங்களுக்குக் குழாய் உண்டு, குடுவை உண்டு, ஸ்பிரிட் விளக்கு உண்டு. எல்லாம் நல்லது. ஆனால் உங்கள் வகுப்பில் கயிறு திரிக்கிற வீட்டுப் பிள்ளை இருக்கும், சிப்பி சுடுகிற வீட்டுப் பிள்ளை இருக்கும், உப்பளத்தில் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளை இருக்கும். அதுகள் கண்ணை அகட்டிக்கொண்டு, 'டீச்சர், அது இல்லாட்டி...' என்று ஆரம்பித்தால், கையிலிருக்கும் சாக்குக் கட்டியைக் கீழே வையுங்கள். நான் அன்றைக்கு அந்த மணி அடித்த பிறகு வைத்தேன். வைத்துவிட்டுச் சொன்னேன்:

"பொன்னம்மை, நேத்து நீ ஒண்ணு சொல்ல வந்தே. நான் முழுசாச் சொல்ல விடல. இப்போ சொல்லு மக்கா, எல்லாரும் கேக்கட்டும்."

அவள் வகுப்பைப் பார்த்தாள், மேனேஜர் ஐயாவைப் பார்த்தாள், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, பாடம் சொல்கிற குரலில் சொன்னாள்:

"சுண்ணாம்பு இல்லாட்டி கள்ளாயிரும் டீச்சர்!"